யப்பானிய அரசியலாய்வும் புலமைப்பரிசில்களும்

கலாநிதிப் பட்டம் பெற்றோர் யப்பானிய அரசியலையும் சர்வதேச உறவுகளையும் தொடர்ந்து ஆராய வழங்கப்படும் புலமைப்பரிசில்களைக் குறைகூறுவோர் பெரும்பாலும் பணத்தின் ஊற்றையே சுட்டுவர். சுட்டுவதற்குக் காரணமும் உண்டு. 1972இல் வெளிநாட்டமைச்சின் சார்பில் யப்பான் நிதியம் தோன்றியது. மறு ஆண்டே தனக்கா அரசாங்கம் பத்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குத் தலா பத்து இலட்சம் டொலர் அளித்தது. ஆராயப்படுவோனே ஆராய்வோனுக்குப் படியளக்கும் விந்தை இது.

எனினும், பணத்தினும் காலக்குறுக்கமே பெருங்குறை என்பது எமது கருத்து. ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டு. அதற்குள் ஆய்வேடு நூலாதல் வேண்டும். ஆகவே, இளம் ஆய்வாளர் அச்சேறிய அறிக்கைகளையும் எளிதிற் கிடைக்கும் செவ்விகளையுமே நாடுகின்றனர். ஒக்கினாவாவை மீளப்பெற்ற வரலாற்றை நோக்குக. நெருக்கடி வேளையில் அணுவாயுதங்களை அங்கு மீண்டும் கொணர இடமளிக்கும் இரகசிய உடன்பாடு 1969இல் நிக்சனுக்கும் சாட்டோவுக்குமிடையே ஏற்பட்டது. சாட்டோவின் தூதராய் அதற்கு உழைத்தவர் வக்கைசுமி கெய் என்னும் பேராசிரியர். அவரே (ஆய்வாளர் அரசின் அந்தரங்கத் தூதரானமை வேறோர் ஆய்வுக்குரியது) 1994இல் அதனை நூலில் வெளிப்படுத்தினார். ஆவணமோ 2009இலேதான் சாட்டோ குடும்பத்தினரிடமிருந்து வெளிவந்தது.