மாமூல் வாங்காதவர்

சிட்னி லூமெட்டின் 'செர்பிகோ' (1973) படத்தை மறுபடி பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது அல் பச்சீனோவின் தாடி, தொப்பி, மோட்டார் சைக்கிள், அந்தச் சடை நாய் இதெல்லாம்தான் மனசில் நின்றது. இந்த முறை கவனித்தது வேறு. படத்தில் பாதி நேரம் மனுஷன் யாராவது ஒரு அதிகாரி எதிரே உட்கார்ந்து, சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்களும் 'பார்க்கலாம்ப்பா' என்று அனுப்பி வைக்கிறார்கள்.

கதை நிஜம். ஃப்ராங்க் செர்பிகோ 1959-ல் நியூயார்க் போலீஸில் சேர்ந்தார். மஃப்டி பிரிவுக்குப் போன பிறகு, 1966-ல் அவர் கைக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே 300 டாலர், சூதாட்டக்காரர் ஒருவரின் உபயம். செர்பிகோ அதை எடுத்துக்கொண்டு நேரே ஊழல் விசாரணைப் பிரிவில் இருந்த ஒரு கேப்டனிடம் போனார். 'வாயைத் திறந்தால் ஆற்றில் குப்புற மிதப்பாய், மறந்துவிடு' என்கிற மாதிரி அறிவுரை கிடைத்தது. ஊழலைத் தடுக்க வேண்டிய ஆள் சொன்னது இது!

அந்த மாமூல் ஏற்பாடு எத்தனை கச்சிதமானது என்பது பின்னால் நாப் கமிஷன் அறிக்கையில் வெளிவந்தது. சூதாட்ட இடங்களிலிருந்து மாதா மாதம் வசூல், பிறகு தலைக்கு இவ்வளவு என்று பங்கு. மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் 300, 400 டாலர். ஹார்லெமில் 1,500 வரை. புதிதாக மாற்றலாகி வந்தவருக்கு முதல் இரண்டு மாதம் பங்கு கிடையாது, ஆள் நம்பகமானவரா என்று பார்க்க வேண்டுமே. பிரிவை விட்டுப் போகும்போது அந்த இரண்டு மாத பாக்கியை செட்டில் செய்துவிடுவார்கள். கிராஜுவிட்டி மாதிரி. சர்க்கார் ஆபீசில்கூட இவ்வளவு ஒழுங்காகக் கொடுப்பார்களா, சந்தேகம்தான்.

செர்பிகோவும் டேவிட் டர்க் என்ற இன்னொரு போலீஸ்காரரும் மேயர் அலுவலகம் வரை போய்ப் பார்த்தார்கள். எதுவும் நகரவில்லை. கடைசியில் நியூயார்க் டைம்ஸுக்குப் போனார்கள். 1970 ஏப்ரல் 25-ம் தேதி முதல் பக்கத்தில் செய்தி வந்தது. நாலு வருஷம் அசையாத நகராட்சி உடனே சுறுசுறுப்பாகி, நாப் கமிஷன் பிறந்தது. 1971 பிப்ரவரியில், புரூக்ளினில் போதைமருந்து ரெய்டு ஒன்றில் செர்பிகோ முகத்தில் சுடப்பட்டார். கூட வந்த சகாக்கள் உதவி கேட்டு ரேடியோவில் சொல்லவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. போன் செய்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

லூமெட்டின் கெட்டிக்காரத்தனம், இதை சாகசக் கதை ஆக்காமல் களைப்பின் கதையாக எடுத்தது. படத்தைப் பின்னாலிருந்து முன்னால் ஷூட் செய்தார்களாம், முழுத் தாடியில் ஆரம்பித்து ஒவ்வொரு கட்டமாகச் சிரைத்துக்கொண்டே வர வசதியாக. தியோடராகிஸின் இசை அங்கங்கே தேவையில்லாமல் உருகுகிறது. அதைவிடப் பெரிய குறை, டர்க்கை வேறு பெயரில் அரை மனசு நண்பராகச் சுருக்கிவிட்டது. ஒற்றை ஆள், ஒற்றை சிலுவை என்றால் சினிமாவுக்கு வசதி. பார்க்கிற நமக்கும் வசதி. 'அவர் மகான்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

நாப் கமிஷன் சொன்னது இதற்கு நேர் எதிர். கூடையில் ஒன்றிரண்டு அழுகல் என்கிற சமாதானமே தப்பு என்றது. போலீஸ்காரர்களில் இரண்டு ஜாதி: தேடிப் போய் வேட்டையாடுகிற மாமிசம் தின்னிகள், தானாக வந்ததை மட்டும் வாங்கிக்கொள்கிற புல் மேய்கிறவர்கள். ஆபத்து இரண்டாவது வகைதான், காரணம் அவர்கள்தான் ஏராளம். அவர்களால்தான் லஞ்சத்துக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் வாங்காதவர்தான் துரோகி.

நம் பாஷையையே பாருங்களேன். உள்ளே நடக்கும் தப்பை வெளியே சொல்கிறவருக்கு 'போட்டுக்கொடுப்பவன்', 'காட்டிக்கொடுப்பவன்' என்றுதான் சட்டென்று பெயர் வருகிறது. நம் போலீஸ் படங்களிலும் எதிரி பெரும்பாலும் ஸ்டேஷனுக்கு வெளியே இருப்பான். 'விசாரணை' (2015) விதிவிலக்கு. அதில் உறுத்தல் வந்த அதிகாரியைத் துறையே தீர்த்துக்கட்டுகிறது.

படம் முடிந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். கமிஷனுக்குப் பின் போலீஸ் ஊழலை விசாரிக்க 1972-ல், துறைக்கு வெளியே தனி அரசு வழக்கறிஞர் அலுவலகம் அமைத்தார்கள். 1990-ல் இனி தேவையில்லை என்று இழுத்து மூடினார்கள். 1992-ல் மைக்கேல் டௌட் என்ற நியூயார்க் போலீஸ்காரர் கொக்கெய்ன் வியாபாரத்தில் கைதானார். அவர்மேல் பல வருஷமாகப் புகார்கள் துறைக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தன. கைது செய்தது யார் தெரியுமா? பக்கத்து சஃபோக் கவுண்ட்டி போலீஸ்! மறுபடி ஒரு கமிஷன், மறுபடி ஒரு அறிக்கை.

புகார் செய்கிறவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், புகாரை வாங்குகிறவர் அதே வீட்டுக்காரராக இருந்தால் காரியம் ஆகாது. இதைப் புரிந்துகொள்ள தாடியும் தோட்டாவும் வேண்டியதில்லை. அந்த ஆபீஸ் காட்சிகளைப் பொறுமையாகப் பார்த்தால் போதும்.

செர்பிகோவுக்குத் துறையின் மிகப்பெரிய பதக்கம் கொடுத்தார்கள். விழா எதுவும் இல்லை. சிகரெட் பாக்கெட்டை நீட்டுகிற மாதிரி நீட்டினார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்கான சான்றிதழ் வந்து சேர்ந்தது 2022-ல், அவருடைய 85-வது வயதில்.

அதுவும் குண்டடி பட்டதற்காக. வாய் திறந்ததற்கு எந்த ஊரிலும் பதக்கம் அடிப்பதில்லை.