வீடு துறந்த காழி: இப்னு பதூதாவின் ரிஹ்லா குறித்து ஒரு மறுவாசிப்பு

இப்னு பதூதாவின் பயணநூல் நம் மேடைகளிலும் மலர்களிலும் பெரும்பாலும் ஒரே வகையில்தான் பேசப்படுகிறது. எத்தனை நாடுகள், எத்தனை ஆண்டுகள் என்று எண்ணிக் காட்டி வியப்பதோடு பேச்சு முடிந்துவிடும். அண்மைக் காலத்தில் இந்த வியப்புக்குப் புதியதொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. நிலையான இல்லமின்றி, மடிக்கணினியோடு நாடு விட்டு நாடு மாறியபடியே ஊதியம் ஈட்டும் வாழ்க்கை முறை இன்று பரவி வருகிறது. இத்தகையோருக்கென எஸ்தோனியா 2020இலும், ஐக்கிய அரபு அமீரகம் 2021இலும், மலேசியா 2022இலும் தனி அனுமதிகளை ஏற்படுத்தின. இவ்வாழ்க்கைக்கு நம் மரபில் முன்னோடி தேடுவோர்க்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் இப்னு பதூதாவே. ஒப்பீடு பொருத்தமானதுதான். ஆனால் ரிஹ்லாவை முழுமையாக ஓதுவோர்க்கு அது புகழ்ச்சியாக மட்டும் நிற்காது.

ஹிஜ்ரி 703இல் (கி.பி. 1304) தாஞ்சியரில் பிறந்த இவர், ஹிஜ்ரி 725 ரஜபில் (கி.பி. 1325) ஹஜ்ஜை நாடித் தனியாகப் புறப்பட்டார். தாய் தந்தையர் இருவரும் அப்போது உயிரோடிருந்தனர். தூனிஸை அடைந்து அங்கிருந்து ஹஜ் பயணக் குழுவோடு கிளம்பியபோதே, அக்குழுவின் காழியாக அவர் நியமிக்கப்பட்டுவிட்டார். இதனை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும். ரிஹ்லா வெறும் பயணியின் நூலன்று. பயணத்திலேயே பதவியையும் ஊதியத்தையும் தேடிக்கொண்ட ஒரு பணியாளரின் நூல்.

இது எவ்வாறு இயன்றது? மாலிகி ஃபிக்ஹும் அரபு மொழியும் அவருடைய மூலதனம். மதரஸாக்கள், தைக்காக்கள், வழிப்போக்கர்க்கென விடப்பட்ட வக்ஃபுகள், அறிஞரை வரவேற்று ஆதரித்த அரசவைகள் ஆகியவை அவருக்கு வழிநெடுக வீடாயின. அதாவது, அவர் வீட்டைத் துறந்தார் என்பதைவிட, ஊர்தோறும் நிலைத்து வாழ்ந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த வீடுகளில் தங்கினார் என்பதே சரி. நிலைகுடிகள் இல்லையெனில் நாடோடி அறிஞரும் இல்லை.

ஹிஜ்ரி 734ஆம் ஆண்டின் முதல் நாளில் (கி.பி. 1333) சிந்து நதியை அடைந்த அவரை முஹம்மது பின் துக்ளக் டில்லியின் காழியாக்கினார். ஆண்டூதியம் 12,000 தீனார். அரசவை மொழியான பாரசீகத்தில் இவருக்குப் போதிய பயிற்சியில்லை. ஆகவே நாயிபுகள் இருவர் துணையாக அமர்த்தப்பட்டனர். அரசருக்குக் காணிக்கை வாங்கியும் ஆடம்பரமாக வாழ்ந்தும் சேர்ந்த கடன் 55,000 தீனாரை எட்டியது. அதையும் அரசரே தீர்த்து வைத்தார். இவற்றை அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார் என்பது நூலின் சிறப்பு. ஆயினும், தம்மிடம் வழக்குரைக்கும் மக்களின் மொழியையும் வழக்காறுகளையும் அறியாதவர் எப்படித் தீர்ப்பளிப்பார் என்ற கேள்வி எழுகிறது.

அக்கேள்விக்கான விடை மாலத்தீவுப் பகுதியில் இருக்கிறது. ரிஹ்லாவின் மிகச் சிறந்த பகுதியும், என் கருத்தில் மிகவும் சங்கடமூட்டும் பகுதியும் அதுவே. அங்கே அவர் காழியாக இருந்தார். தலாக் பெற்ற பெண் மறுமணம் ஆகும்வரை முன்னாள் கணவரின் வீட்டிலேயே தங்குவது அத்தீவினரின் வழக்கம். இதனைத் தடுக்க ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்களை அடிக்கச் செய்து, கடைவீதியில் சுற்றி வரச் செய்தார். ஷரீஅத்தின்படி அவர் தடுத்ததில் நியாயம் இருக்கலாம். ஆனால் அப்பெண்கள் பிறகு எங்கே தங்கினார்கள் என்று அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அதே நூலில், அத்தீவுகளில் மஹர் குறைவாதலால் மணம் செய்வது எளிது, கப்பலில் வருவோர் மணந்து புறப்படும்போது மணவிலக்குச் செய்துவிடுவர், பெண்களோ தம் நாட்டை விட்டு வரமாட்டார்கள் என்று விவரிக்கிறார். இவரும் அங்கே நால்வரை மணந்திருந்தார். அவர்களை விட்டுவிட்டே புறப்பட்டார். பிறரது மணவிலக்கின் பின்விளைவை விசாரித்துத் தண்டித்த காழி, தம்முடைய மணவிலக்கின் பின்விளைவைக் காணும்வரை அங்கிருக்கவில்லை.

அமைச்சரோடு பிணங்கி வெளியேறியவர் இலங்கை வழியாக நம் மஅபர் கரைக்கு வந்தார். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் மனைவியும் டில்லியில் இவர் மணந்த மனைவியும் உடன்பிறந்தவர்கள். அச்சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை இவர் கடுமையாகக் கண்டிக்கிறார். அதே சுல்தானிடம்தான் மாலத்தீவின் மீது படையெடுக்கும் யோசனையையும் கூறி இசைவு பெறுகிறார். சுல்தான் இறந்தார், இவரும் காய்ச்சலில் வீழ்ந்து நாடு நீங்கினார், படை செல்லவில்லை. ஆயினும் தமக்குச் சோறும் பதவியும் தந்த ஊர்மீது படையனுப்ப எண்ணியது, ஓரூரிலும் வேர்கொள்ளாத பணியாளர் மனத்தைக் காட்டிவிடுகிறது. அவ்வூரின் நாளைய நாளில் அவருக்குப் பங்கில்லை.

இவ்விடத்தில் ஃபிக்ஹின் நுட்பம் நமக்கு உதவும். பயணி (முஸாஃபிர்), தங்கியிருப்பவர் (முகீம்), ஊரையே தம் இருப்பிடமாகக் கொண்டவர் (முஸ்தவ்தின்) என்று நம் கித்தாபுகள் பிரிக்கின்றன. நம் கடலோர ஊர்களில் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, வருகை நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நாடினாலே பயணச் சலுகை முடிந்துவிடும். ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாள். ஆனால் ஜும்ஆவுக்குரிய நாற்பதின்மர் முஸ்தவ்தின்களாகவே இருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ நிலைப்பாடு. தங்கியிருப்பவர் ஜும்ஆவில் கலந்துகொள்ளலாம், கலந்துகொள்ளவும் வேண்டும். ஆனால் எண்ணிக்கையில் சேரமாட்டார். ஓரூரின் பொறுப்பு யார்மீது நிற்கிறது என்பதை இச்சட்டம் எவ்வளவு கூர்மையாக உணர்ந்திருக்கிறது! இப்னு பதூதா எங்கும் முகீமாக இருந்தார். எங்கும் முஸ்தவ்தினாக இருக்கவில்லை.

இதற்கு அவர் கொடுத்த விலையும் நூலிலேயே உள்ளது. டில்லியை அடைந்த சில வாரங்களில் கைக்குழந்தையான மகள் இறந்தாள். திமிஷ்கில் கருவுற்றிருந்த மனைவியை விட்டுச் சென்றவர், மகன் பிறந்த செய்தியை இந்தியாவில் அறிந்து குழந்தையின் பாட்டனாருக்கு நாற்பது பொற்காசுகள் அனுப்பினார். கி.பி. 1348இல் திரும்பிவந்து விசாரித்தபோது, அம்மகன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள். தாஞ்சியரை அணுகுமுன்பே தாயும் கொள்ளைநோயில் மறைந்துவிட்டார். மாலத்தீவில் தம் இரண்டு வயது மகனைக் காணச் சென்றவர், தாயிடம் இருப்பதே அவனுக்கு நல்லதென்று விட்டுத் திரும்பினார். நூலைத் தொகுத்த இப்னு ஜுஸை அணிநடை மிக்கவர்; திமிஷ்க், மக்கா வர்ணனைகளில் இப்னு ஜுபைரின் நூலிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டவர். இம்மரணச் செய்திகளிலோ எந்த அணியும் இல்லை. ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. ரிஹ்லாவின் உண்மையான குரல் அவ்வரிகளில்தான் கேட்கிறது.

பயணத்தை இஸ்லாம் வெறுக்கவில்லை. கல்விக்காகவும் வணிகத்துக்காகவும் ஹஜ்ஜுக்காகவும் அதனை ஊக்குவித்தது. ஆனால் பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், நாடிய காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. உலகில் வழிப்போக்கனைப் போல் இரு என்ற கருத்திலமைந்த மற்றொரு ஹதீஸ், உள்ளத்தின் பற்றைக் குறித்ததேயன்றி, உரிமையுடையோரை விட்டு அகலும் அனுமதியன்று. சபராளிகளின் வருவாயில் வளர்ந்த நம் ஊர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கொழும்புக்கும் பினாங்குக்கும் சென்றவர்கள் வீட்டைத் துறக்கவில்லை, வீட்டுக்காகவே சென்றார்கள். அவ்வாறிருந்தும் காத்திருந்த பெண்கள் சுமந்த பாரம் சிறிதன்று.

இப்னு பதூதா இறுதியில் மொராக்கோவில் ஓரூரின் காழியாக இருந்து ஹிஜ்ரி 770இல் மறைந்ததாக இப்னு ஹஜர் (ரஹ்) குறிப்பிடுகிறார். அந்த இறுதி ஆண்டுகளைப் பற்றி ரிஹ்லாவில் ஏதுமில்லை. நூல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. நம் இளைஞர்க்கு இந்நூலைப் பரிந்துரைக்கும் ஆசிரியர்கள், நாடுகளின் பட்டியலோடு அவர் விட்டுச் சென்ற வீடுகளின் பட்டியலையும் சேர்த்தே படிக்கச் செய்ய வேண்டும். இரண்டையும் மறைக்காமல் சொன்ன நேர்மைக்காகவே இப்னு பதூதா இன்றும் வாசிக்கத் தக்கவர்.