தம் முடிவையே மீண்டும் நிறுத்துப் பார்த்தவர்

கொடுப்பதில் இன்பம் உண்டு என்பது அறநூல்கள் பன்முறை கூறிய செய்தி. அவ்வின்பத்தை அளந்து காட்ட இயலுமா என்று ஆராயப் புகுந்தவர்களுள் ஒருவர், கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் உளநூற் பேராசிரியை எலிசபெத் டன் அம்மையார். பணமும் காலமும் மனிதனை எவ்வாறு மகிழ்விக்கின்றன என்பதே அவர் ஆராய்ச்சியின் பொருள்.

2008-ஆம் ஆண்டில் லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகிய இருவருடன் 'சயன்ஸ்' என்னும் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை பெரும்புகழ் தேடித் தந்தது. அதில் கண்ட சோதனை மிக எளியது. காலையில் 46 பேருக்கு உறை கொடுக்கப்பட்டது. சிலர் உறையில் 5 வெள்ளி, சிலர் உறையில் 20 வெள்ளி. மாலை 5 மணிக்குள் ஒரு சாரார் அதனைத் தமக்கென்றும், மற்றொரு சாரார் பிறர்க்கென்றும் செலவிடல் வேண்டும். மாலையில் வினவியபோது, பிறர்க்குச் செலவிட்டவரே மிக்க மகிழ்ச்சியுடன் இருந்தனர். தொகை பெரிதா சிறிதா என்பதால் வேறுபாடு நேரவில்லை. செலவில் ஈடுபடாத வேறு சிலரைக் கேட்டபோதோ, 20 வெள்ளியைத் தமக்கே செலவிடுவதுதான் இன்பம் என்றனர்!

முடிவு அழகியது, ஆயின், 46 பேர் போதுமா? நான்கு பிரிவாக்கினால் பிரிவுக்குச் சராசரி பன்னிருவர்கூடத் தேறார். 2013-இல் நார்ட்டனுடன் சேர்ந்து எழுதிய 'ஹேப்பி மணி' என்னும் நூல் பொதுமக்களிடையே பரவியது. அந்நூலின் குரல் சான்றுகளின் வலிமையைவிடச் சற்று உரத்தது என்றே சொல்ல வேண்டும். அவ்வாண்டுகளில்தான் உளநூலின் பெயர்பெற்ற முடிவுகள் பல, மறுமுறை சோதித்தபோது நிலைபெறாமற் போயின. புகழ்பெற்றவர் வாளாவிருந்திருக்கலாம். டன் அம்மையார் இருக்கவில்லை. அக்னின் முதலியோருடன் கூடி, சோதனை முறையை முன்னரே பதிவு செய்துவிட்டு, தம் பழைய முடிவையே மீண்டும் சோதித்தார். 2020-இல் அது வெளிவந்தது. 712 மாணவர் பிறர்க்கென நேரே பொருள் வாங்கிய சோதனையில் மகிழ்ச்சி தெளிவாகத் தென்பட்டது. முன்பு செய்த செலவை நினைவுகூரச் செய்த சோதனைகளிலோ அது மங்கியது. 5,000-க்கு மேற்பட்டோரைக் கொண்ட சோதனையிலும் பயன் மிகச் சிறிதே. இரண்டையும் மறையாமல் எழுதினர். 2023-இல் டனிகன் ஃபோக் என்பாருடன் சேர்ந்து, மகிழ்ச்சிக்கு வழியென இதழ்கள் பரிந்துரைக்கும் ஐந்து பழக்கங்களின் சான்றுகளையும் அவ்வாறே நிறுத்துப் பார்த்தார். வலுவான சான்றுகள் மிகச் சிலவே எனக் கண்டார். தம் துறையின் முதலையே குறைத்து மதிப்பிடும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

காலத்தைப் பற்றிய ஆராய்ச்சியில்தான் ஒரு குறை தெரிகிறது. அவர் மாணவி ஆஷ்லி வில்லன்ஸ் முதலியோருடன் 2017-இல் வெளியிட்ட சோதனையில், வான்கூவர் நகரத்தார் 60 பேருக்கு ஒரு வாரக் கடைசியில் 40 வெள்ளி கொடுத்துப் பொருள் வாங்கச் சொன்னார்கள். மற்றொரு வாரக் கடைசியில் அதே தொகையால் தமக்கு நேரம் மிச்சப்படும்படி செலவிடச் சொன்னார்கள். நேரத்தை வாங்கிய வாரத்தில் மகிழ்ச்சி மிகுந்தது. நன்று. ஆனால் வீடு துடைக்க வேறொருத்தி வரும்போது, வாங்கப்படுவது அவளுடைய நேரமே அன்றோ? வாங்கியவர் முகத்தில்தான் அளவுகோல் வைக்கப்பட்டது. விற்றவள் முகத்தில் வைக்கப்படவில்லை.

2022-இல் ரயன் டுவையருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு அருகில் வருகிறது. ஏழு நாடுகளில் 200 பேருக்குத் தலைக்கு 10,000 அமெரிக்க வெள்ளி வழங்கப்பட்டது. வருவாய் குறைந்த நாடுகளில் இருந்தோர் பெற்ற மகிழ்ச்சி, செல்வ நாடுகளில் இருந்தோர் பெற்றதைப்போல் மூன்று மடங்கு. பணத்தை இவ்வாறு இருபுறமும் நின்று பார்த்தவர், நேரத்தையும் விற்பவர் பக்கம் நின்று ஒருமுறை அளந்து பார்க்கலாம்.