சிறுகதையில் அண்டை வீட்டார்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளைத் தொடர்ந்து பயில்வோர் ஓர் அமைப்பை அடிக்கடி எதிர்கொள்வர். அடுக்குமாடி வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். பக்கத்து வீட்டில் மலாய் மாது. எதிர்வீட்டில் சீனக் கிழவர். தமிழ்த் தாய் நோயுறுகிறாள். உடன்பிறந்தோர் கைவிட, அண்டை வீட்டார் ஓடோடி வருகின்றனர். மனிதநேயம் இனம் கடந்தது என்று இறுதிப் பத்தியில் ஆசிரியரே கூறிவிடுகிறார். வகுப்பறைக்கு ஏற்ற கதைதான். கருத்தைத் தேடி மாணவர் துன்புற வேண்டியதில்லை.

இக்கதைகளின் நோக்கத்தைப் பழித்தல் முறையன்று. 1964ஆம் ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் நிகழ்ந்த இனக்கலவரங்களைக் கண்ட தலைமுறையினர்க்கு நல்லிணக்கம் உயிரச்சத்தில் பிறந்த வேட்கை. ஆயினும், வேட்கை மட்டுமே கதையாகிவிடாது.

குறை முதற்கண் உரையாடலில் தென்படுகிறது. மலாய் மாது தூய தமிழில் பேசுகிறார். சீனக் கிழவர் எழுவாய் பயனிலை பிறழாமல் அறிவுரை வழங்குகிறார். கம்பத்து நாள்களில் இம்மக்களை இணைத்தது சந்தை மலாய். பின்னாளில் அவ்விடத்தை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. மலாயை மட்டும் அறிந்த பாட்டியும் ஆங்கிலத்தில் வளர்ந்த இளைஞனும் புன்னகையோடு நின்றுவிடும் நிலை இதனால் வந்தது. அரைகுறைச் சொல்லாலும் கைச்சாடையாலும் ஒருவரையொருவர் எட்ட முயலும் அப்பாடு, அழகிய தமிழ் உரையாடலில் மறைந்து போகிறது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) மெடானையும் பினாங்கையும் களமாகக் கொண்டது. அதில் மலாய்ச் சொற்களும் சீனச் சொற்களும் தமிழோடு மோதியும் கலந்தும் ஒலிக்கின்றன. படிப்போர் சில இடங்களில் தடுமாறத்தான் செய்வர். அத்தடுமாற்றமே அந்நகரத் தெருவில் நிற்கும் உணர்வைத் தருகிறது.

மற்றொரு குறை இன்னும் ஆழமானது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. பேட்டைக்கும் கட்டடத்திற்கும் இனவாரியாக உச்ச அளவு வகுக்கப்பட்டது. இந்தியரும் பிற இனத்தாரும் அடங்கிய பிரிவுக்குக் கட்டட அளவு 13 விழுக்காடு. 2010இல் அது 15 விழுக்காடாயிற்று. ஓரினக் குடியிருப்புகள் உருவாகாமல் காத்த சிறப்பு இக்கொள்கைக்கு உண்டு. அதற்கு விலையும் உண்டு. சீனர்க்குரிய அளவு நிரம்பிய கட்டடத்தில் வாழும் தமிழர், தம் வீட்டைச் சீனர்க்கு விற்க இயலாது. வாங்குவோர் தொகை சுருங்கினால் விலையும் தாழும். இவ்விடரை அரசும் ஏற்றது. முயன்றும் விற்க இயலாத உரிமையாளர் சிலரின் வீடுகளைக் கழகமே வாங்கிக்கொள்ள 2022இல் வழி செய்யப்பட்டது.

ஒற்றுமைக்கான செலவைச் சிறுபான்மையர் கூடுதலாகச் சுமக்கும் இந்நிலை, சிறுகதைக்கென்றே அமைந்தது போன்றது. மகளின் படிப்புக்காக வீட்டை விற்கத் துடிக்கும் தந்தை ஒருவர், விரும்பி வந்த சீனத் தம்பதியரைத் திருப்பியனுப்பும் மாலைப்பொழுதை எண்ணிப் பார்க்கலாம். அங்கே தீயவர் எவருமிலர், சட்டமும் நன்னோக்குடையதே. எதிர்வீட்டுச் சீன நண்பரோ தம் வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டார். இருபதாண்டுப் பழக்கம், தீபாவளிப் பலகாரமும் சீனப் புத்தாண்டு ஆரஞ்சும் மாறிய கைகள். மறுநாட்காலை இருவரும் மின்தூக்கிக்குக் காத்து நிற்கின்றனர். என்ன பேசிக்கொள்வர்? அந்தச் சில நொடிகளை எழுதிய கதைகள் மிக அரியன.