ஆற்றுப்படையும் கூடைப்பந்து விளம்பரமும்

வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வழியில் வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனை அவ்வள்ளலிடம் செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சார்ந்தன. அவற்றுள் சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனைப் புகழ்வது. ஆயினும் புகழ்ச்சியோடு நின்றுவிடுவதன்று. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர்களை வரிசைப்படுத்தி, அங்கங்கு வாழும் நுளையரும் எயினரும் உழவரும் எவ்வகை உணவு தந்து வழிப்போக்கரைப் போற்றுவர் என்பதையும் சொல்கின்றது. கேட்டவன் அப்பொழுதே எழுந்து நடக்கலாம். புகழுரை வழியுரையாகவும் அமைந்தமையே அப்பாட்டின் சிறப்பு.

இக்காலத்துத் தொலைக்காட்சி விளம்பரமும் ஆற்றுப்படுத்தும் தொழிலையே மேற்கொண்டுள்ளது. மலேசியாவில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கிற்று. 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்பு வந்தபின், அயல்நாட்டு விளையாட்டுகள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் கிள்ளான் தாமான் வீட்டிலும் ஒருங்கே புகுந்தன. அவற்றுள் ஒன்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து. அவ்வாட்டத்தையும் அதன் ஆட்டக்காரர்களையும் முன்னிறுத்தி எழுந்த விளம்பரங்கள் ஆராய்வதற்குரியன. அவை எதனைப் புகழ்கின்றன? காண்போனை எங்கே செலுத்துகின்றன? இவ்விரு வினாக்களே அவற்றை நிறுக்கும் துலாக்கோல்.

விளம்பரத்தை எடைபோடுமுன் ஆட்டத்தின் இயல்பை அறிதல் வேண்டும். 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்துவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் இதனை வகுத்தார். குளிர்காலத்தில் மாணவர் கூரையின்கீழ் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. பீச் பழக்கூடை இரண்டை மேல்மாடத்தின் விளிம்பில் மாட்டினார். பதின்மூன்று விதிகளை எழுதினார். பந்தைப் பிடித்தவன் அதனோடு ஓடலாகாது. நின்ற இடத்திலிருந்தே எறிதல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் வழக்கம் பின்னர் வந்தது. ஆகவே, தோழனுக்குப் பந்தை ஈதல் என்பது இவ்வாட்டத்தோடு உடன்பிறந்த அறம்.

இவ்வாட்டம் தமிழருக்கு அயலதன்று. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, இதனைத் தமிழகப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்ற வாயில்களுள் ஒன்று. கோலாலம்பூரில் 1905இல் தோன்றிய அதே சங்கத்தின் நிலையம், தமிழர் செறிந்து வாழும் பிரிக்பீல்ட்சிலேயே உள்ளது. தொலைக்காட்சி பிறப்பதற்கு முன்பே, விளம்பரம் எதுவுமின்றி, ஆசிரியர் வாயிலாகவும் திடல் வாயிலாகவும் பரவிய ஆட்டம் இது. மலேசியாவில் பெரும்பாலும் சீனர் பள்ளிகளையும் சங்கங்களையும் சார்ந்து வளர்ந்தமையால், தமிழ்ச் சிறுவர் பலருக்கு அது தெருவுக்கு அப்பால் நின்ற ஆட்டமாயிற்று.

தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது நன்னூலார் கருத்து. எனினும், அதற்கு விலக்காக நான்கு இடங்களை அவரே காட்டுகின்றார். அவற்றுள் ஒன்று, தன் ஆற்றலை உணராதார் நடுவில் நிற்கும் இடம். கூடைப்பந்தை அறியாத மக்களிடையே அதன் பெருமையைக் கூறும் விளம்பரத்துக்கு இவ்விதி இடம் தருகின்றது. ஆனால் அறியாதாரிடம் பேசும் உரிமையோடு, அவர்களை அறியச் செய்யும் கடமையும் உடன்வருகின்றதன்றோ? கண்டபின்னும் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவனாகவே ஒருவன் எழுவானாயின், அவ்விளம்பரம் வெறும் தற்புகழ்ச்சியே ஆகும்.

பெரும்பான்மையான விளம்பரங்கள் இக்கடமையில் தவறுகின்றன. மைக்கேல் ஜோர்டானைக் கொண்டு 1980களின் இறுதியில் நைக்கி சப்பாத்து நிறுவனமும், 1991இல் கேட்டரேட் பான நிறுவனமும் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றன. பின்னதில், ஜோர்டானைப் போல் ஆகவேண்டும் என்னும் சிறுவரின் ஆசை பாட்டாகவே ஒலிக்கின்றது. இசை இனியது, காட்சியும் களிப்பூட்டுவது. எனினும் அந்த ஆசைக்கு அது காட்டும் வழி ஒரு புட்டிப் பானம். சப்பாத்து நிறுவனத்தின் ஜோர்டான் சின்னமோ, கால்களை விரித்து வானில் நிற்கும் ஒற்றை உருவம். அதில் கூடையும் இல்லை; தோழனும் இல்லை.

மெய்யான ஆட்டம் வேறு. 1997ஆம் ஆண்டு இறுதிப் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில், வெற்றியைத் தீர்மானித்த எறிதல் ஜோர்டானுடையதன்று. எதிரணியினர் தம்மைச் சூழ்ந்தபோது அவர் பந்தை ஸ்டீவ் கெர்ருக்கு ஈந்தார். கெர் அதனைக் கூடையில் இட்டார். ஜோர்டானின் பெருமை அந்த ஈகையிலும் உண்டு. விளம்பரங்கள் உலகின் நினைவில் நிறுத்தியதோ பறக்கும் உருவத்தையே. அவ்வாறே, நெட்டை உருவங்களையே இடைவிடாது காட்டுவதால், குட்டையானவனுக்கு இங்கு இடமில்லை என்னும் எண்ணத்தையும் அவை விதைக்கின்றன. 160 சென்டிமீட்டர் உயரமே உடைய மக்சி போக்ஸ் அத்தொழில்முறை அரங்கில் 14 பருவங்கள் ஆடினார் என்னும் செய்தி, உயரத்தில் அவரையொத்த கிள்ளான் சிறுவனுக்கு எத்துணை ஊக்கம் தரும்!

எல்லா விளம்பரங்களையும் ஒரே தட்டில் வைத்தல் நடுவுநிலைமையாகாது. 1993இல் சார்ல்ஸ் பார்க்லி ஒரு நைக்கி விளம்பரத்தில், தாம் பிள்ளைகளுக்கு முன்மாதிரி அல்லர் என்றும், அக்கடமை பெற்றோருடையது என்றும் கூறினார். சப்பாத்து விற்கும் மேடையிலிருந்தே அது சொல்லப்பட்டதாயினும், சொல் மெய்யானதே. 2007இல் என்.பி.ஏ. கழகம் வெளியிட்ட வரிசை, வியப்பு நிகழும் இடம் இதுவே என்னும் கருத்தை முழக்கமின்றிச் சொல்லிற்று. அசையாத நிழற்படங்கள், மெல்லிய பியானோ இசை, சில சொற்கள், அவ்வளவே. 2008இல் வந்தது அதனினும் சிறந்தது. எதிரெதிர் அணியினர் இருவரின் பாதி முகங்களை இணைத்து ஒரே முகமாக்கி, இருவரும் ஒரே சொற்களை ஒருங்கே சொல்வதாக அமைத்தனர். ஒருவனே வெல்வான் என்பதையும், இருவர் ஏக்கமும் ஒன்றே என்பதையும் அம்முகம் ஒருசேர உணர்த்திற்று. தோற்பவனுக்கும் மாண்பு உண்டு என்னும் பாடம் அதில் உண்டு.

இனி, ஆசிய நாடுகளின் தன்மானம் பற்றிய வினா எழுகின்றது. 2004இல் லெப்ரான் ஜேம்ஸ் தோன்றிய நைக்கி விளம்பரம் ஒன்றைச் சீன அரசு தடைசெய்தது. அச்ச அறைகள் ஐந்தைக் கடக்கும் வீரனாக அவர் அதில் வருகின்றார். குங்பூ ஆசானையும் டிராகன்களையும் வெல்கின்றார். தேசிய மாண்புக்கு அது இழுக்கு என்று சீன அரசு கருதியது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. விந்தை யாதெனில், அவ்வைந்து அறைகளுள் ஒன்று ஆரவாரப் புகழ் என்னும் பகை. ஆரவாரப் புகழைப் பகையெனக் காட்டும் படமே ஆரவாரப் புகழால் ஆனது! மலேசியாவிலும் 2002இல், நடிகர் பிராட் பிட் தோன்றிய டொயோட்டா கார் விளம்பரத்தை அரசு நிறுத்தியது. மேலைநாட்டு முகங்களை இவ்வாறு முன்னிறுத்துவது ஆசியரிடையே தாழ்வு மனப்பான்மையை வளர்க்கும் என்பது அன்று கூறப்பட்ட காரணம்.

அக்கவலையில் நியாயம் உண்டு. ஆனால் தடை ஒரு முகத்தை நீக்குமேயன்றி, மற்றொரு முகத்தைத் தாராது. தன் முகத்தைத் திரையில் காணாத சிறுவனின் குறை, பிறன் முகத்தை அழித்தலால் தீர்வதன்று. அவனுடைய முகத்தையும் அவன் ஆடும் திடலையும் காட்டுவதாலேயே தீரும்.

அதற்குரிய பொருள் இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. 2009இல் ஆசியான் கூடைப்பந்துப் போட்டித் தொடர் தொடங்கியபோது, கோலாலம்பூர் டிராகன்ஸ் அணி அதில் இடம்பெற்றது. பின்னர் கிள்ளான் துறைமுகப் பகுதியின் பூலாவ் இண்டாவில் உள்ள வெஸ்ட்போர்ட்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி ஆடிற்று. 2015–16 பருவத்தில், இறுதிச் சுற்றில் சிங்கப்பூர் அணியை 3–2 என வென்று பட்டம் சூடிற்று. அது ஆடிய மாபா அரங்கம் மெர்டேக்கா அரங்கத்தின் அருகில் உள்ளது, பிரிக்பீல்ட்சிலிருந்து நெடுந்தொலைவன்று. சிக்காகோ வீரரின் சப்பாத்தை அறிந்த இளைஞர் பலர், இவ்வரங்கத்தின் வாயிலை அறியார். ஆற்றுப்படை தவறிய இடம் இதுவே. சேய்மை வள்ளலைப் பாடுவார் மிகுந்தனர். அண்மை ஊருக்கு வழிசொல்வார் அருகினர்.

மலேசியாவில் நல்ல விளம்பரம் எடுக்கும் கலைஞர் இல்லை என்று கூறுதலும் பொருந்தாது. 2009இல் மறைந்த யாஸ்மின் அகமது, பெட்ரோனாஸ் நிறுவனத்துக்காக எடுத்த பண்டிகை நாள், விடுதலை நாள் படங்களில் விற்பனைச் சொல்லை ஒதுக்கி, இந்நாட்டுச் சிறுவர் பேச்சையும் குடும்பத்தார் பரிவையும் காட்டினார். 2007இல் வந்த படமொன்றில், சீனச் சிறுவன் ஒருவன் தன் மலாய்த் தோழியிடம் கொண்ட அன்பை வெட்கத்தோடு சொல்வது, பலருடைய நெஞ்சைத் தொட்டது. அந்த எளிமையோடு ஒரு கூடைப்பந்துப் படம் எடுக்கப்படுமாயின், அதில் வானில் நிற்கும் ஒற்றை வீரன் வேண்டுவதில்லை. பள்ளி முடிந்த மாலையில் சீன, மலாய், தமிழ்ச் சிறுவர் ஐவர் ஒரு பந்தைக் கைம்மாற்றிக் கைம்மாற்றிக் கூடை நோக்கிச் செல்வதைக் காட்டினால் போதும். ஈற்றில் ஒரு திடலின் பெயரையும், பயிற்சி நடைபெறும் நாளையும் எழுதினால் அது முழுமையான ஆற்றுப்படையாகும்.

சிறுபாணன் பெற்றது வெறும் புகழுரையாயின், அவன் பசி தீர்ந்திராது. திரையைக் கண்டு எழும் சிறுவனின் ஆசையும் ஒருவகைப் பசியே. அப்பசியைத் தூண்டிவிட்டுச் சப்பாத்துக் கடையின் வாயிலில் நிறுத்துவது வாணிகம். திடலின் வாயில்வரை அழைத்துச் செல்வதே புகழ்ந்தவனின் கடன்.