43ஆம் கட்டம்

பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1914இல் தன் ஆண்டுக் கூட்டத்தை ஆஸ்திரேலியாவில் நடத்தியது. அதை இங்கே கொண்டுவர முன்னின்று உழைத்தவர் மெல்பர்ன் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஓர்ம் மேசன். வந்த விஞ்ஞானிகளில் பலர் இன்னும் கடலில் இருந்தபோதே முதல் உலகப் போர் மூண்டுவிட்டது. ஆனாலும் கூட்டம் நிற்கவில்லை. அடிலெய்டு, மெல்பர்ன், சிட்னி, பிரிஸ்பேன் என்று ஊர் ஊராக நடந்தது. மெல்பர்னில் அணுவின் அமைப்பு பற்றிய விவாதத்தை எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு தொடங்கிவைத்தார். அணுவின் நடுவே நேர்மின்சுமை கொண்ட மிகச்சிறிய கரு இருக்கிறது என்று அவர் சொல்லி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த விவாதத்தில் பேசியவர்களில் ஒருவர் ஹென்றி மோஸ்லி. அவருக்கு வயது 26.

தனிம வரிசை அட்டவணையைப் பற்றி ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுகிறவர்கள் மோஸ்லியிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். மெண்டலீவ் 1869இல் தனிமங்களை அணு எடையின்படி அடுக்கினார். அந்த அடுக்கில் சில இடங்கள் உறுத்தின. டெலூரியத்தின் அணு எடை 127.6, அயோடினுடையது 126.9. எடையை மட்டும் பார்த்தால் அயோடின் முன்னால் வரவேண்டும். ஆனால் குணத்தைப் பார்த்தால் அது குளோரின், புரோமின் இருக்கும் பத்தியில்தான் பொருந்தும். மெண்டலீவ் எடையை ஒதுக்கிவிட்டுக் குணத்தை நம்பினார். அவர் நம்பியது சரி. ஏன் சரி என்பதற்கு அவரிடம் விடை இல்லை.

விடை சொன்னவர் மோஸ்லி. அலுமினியம் முதல் தங்கம் வரை பல தனிமங்களை எக்ஸ் கதிர் உமிழச் செய்து, அந்தக் கதிரை ஒரு படிகத்தின்மேல் பாய்ச்சிப் பிரித்து அளந்தார். படிகத்தைக் கொண்டு எக்ஸ் கதிரை அளக்கும் அந்த வித்தையை உருவாக்கியவர்கள் வில்லியம் பிராக்கும், அடிலெய்டில் பிறந்த அவர் மகன் லாரன்ஸ் பிராக்கும். ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும்போது கதிரின் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒரே அளவாக ஏறிக்கொண்டே போனதை மோஸ்லி கண்டார். அப்படியானால் கருவில் ஏதோ ஒன்று ஒவ்வொன்றாகக் கூடுகிறது. அது மின்சுமை. இன்றைய சொல்லில் புரோட்டான். 52 புரோட்டான் இருந்தால் டெலூரியம், 53 இருந்தால் அயோடின். எடை முன்பின்னாக இருப்பதற்குக் காரணம் நியூட்ரான்கள். அவற்றைக் கண்டறிய 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வரிசை எண் உறுதியானதும் காலியிடங்களும் உறுதியாயின. 43, 61, 75 ஆகிய எண்களுக்குரிய தனிமங்கள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று மோஸ்லி எழுதினார். எங்கே தேடவேண்டும், எத்தனை தேடவேண்டும் என்று வேதியியலாளர்களுக்கு முதன்முறையாகத் தெரிந்தது.

கூட்டம் முடிந்து இங்கிலாந்து திரும்பிய மோஸ்லி படையில் சேர்ந்தார். தடுத்தவர்கள் பேச்சு எடுபடவில்லை. 1915 ஆகஸ்ட் 10ஆம் தேதி கலிப்பொலிப் போர்முனையில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். 27 வயது. அடுத்த சில வாரங்களில் லாரன்ஸ் பிராக்கின் தம்பி ராபர்ட்டும் அதே போர்முனையில் மாண்டார். கலிப்பொலி என்ற பெயரை, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளன்று ஆஸ்திரேலியப் பள்ளிக் குழந்தைகள் எல்லாரும் கேட்கிறார்கள். அதே குழந்தைகள் படிக்கும் வேதியியல் புத்தகத்தில் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் அச்சாகியிருக்கும் எண்ணை உறுதிசெய்தவர் அங்கேதான் இறந்தார் என்பதை எத்தனை பேர் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

மோஸ்லி குறித்த இடங்களில் 75 கிடைத்துவிட்டது. 1925இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்ட ரேனியம் அது. 43 அப்படியல்ல. பூமியைத் தோண்டித் தோண்டித் தேடியும் அகப்படவில்லை. 43 புரோட்டான் கொண்ட கருவோடு எத்தனை நியூட்ரான் சேர்ந்தாலும் அது நிலைத்து நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களே அதற்குக் காரணம். ஒரே நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) கொண்ட அடுத்தடுத்த இரு தனிமங்களில் இரண்டுமே நிலையாக இருக்க முடியாது என்பது பொது விதி. 94 முதல் 102 வரையுள்ள நிறை எண்களை 42ஆம் எண் மாலிப்டினமும் 44ஆம் எண் ருத்தீனியமும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டன. 43க்கு மிச்சமில்லை. அதன் ஐசோடோப்புகளில் நீண்ட ஆயுள் கொண்டவையே சில மில்லியன் ஆண்டுகளில் பாதியாகிவிடும். பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுகள். பூமி பிறந்தபோது இருந்தது எப்போதோ அழிந்துபோயிற்று. 1937இல் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியேவும் கலிபோர்னியாவில் சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கியில் அடிபட்ட மாலிப்டினத் தகட்டை இத்தாலியின் பலெர்மோவில் ஆராய்ந்து அதைக் கண்டார்கள். டெக்னீஷியம் என்று பெயரானது.

அந்த டெக்னீஷியத்தை இன்று சிட்னி மருத்துவமனைகள் அன்றாடம் பயன்படுத்துகின்றன. நகரத்துக்குத் தென்மேற்கே லூக்காஸ் ஹைட்ஸில் 1958 முதல் ஓர் ஆராய்ச்சி அணு உலை இயங்கிவந்தது. இப்போது அதன் இடத்தில் 2007இல் திறக்கப்பட்ட ஓபல் உலை இருக்கிறது. யுரேனியத் தகடுகளை அதன் நியூட்ரான் வெள்ளத்தில் வைத்து, பிளவில் உண்டாகும் மாலிப்டினம்-99ஐப் பிரித்தெடுக்கிறார்கள். 66 மணி நேரத்தில் அதில் பாதி டெக்னீஷியமாக மாறுகிறது. ஈயக் கவசம் போட்ட சிறு பெட்டிக்குள் அலுமினா நிரப்பிய குழாயில் அதை ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினால், அங்கே உப்புநீரை ஊற்றி டெக்னீஷியத்தை மட்டும் கழுவி எடுத்துக்கொள்ளலாம். ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். படம் எடுக்க அது போதும், உடலில் தங்கித் தீங்கு செய்யவும் நேரமில்லை. எலும்பு ஸ்கேனுக்கும் இதய ஸ்கேனுக்கும் போனவர்களின் நரம்பில் ஏற்றப்படுவது பெரும்பாலும் இதுதான். நம் உறவினர்களில் எத்தனையோ பேரின் உடலுக்குள் மோஸ்லியின் காலியிடம் ஒரு நாள் தங்கிப் போயிருக்கிறது.

கருவை விட்டு எலக்ட்ரான் பக்கம் வந்தால் மெல்பர்ன் முந்திக்கொள்கிறது. ஆலன் வால்ஷ் இங்கிலாந்தின் லங்காஷயரில் 1916இல் பிறந்தவர். போருக்குப் பின் மெல்பர்ன் வந்து ஃபிஷர்மன்ஸ் பெண்டிலிருந்த அரசு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தார். 1952 மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை, வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை பொறிதட்டியது. இத்தனை காலமும் தவறானதை அளந்துகொண்டிருக்கிறோம் என்று உடனே சக ஆய்வாளர் ஜான் ஷெல்டனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். மறுநாள் காலையில் சோடியத்தை வைத்துச் சோதனை செய்து காட்டியும்விட்டார்.

எது தவறு? ஒரு கரைசலில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று அறிய, அதைச் சுடரில் தூவி, அணுக்கள் வெளியிடும் ஒளியை அளப்பதுதான் வழக்கமாக இருந்தது. வெப்பத்தில் எலக்ட்ரான் மேல்மட்டத்துக்கு ஏறி, திரும்ப இறங்கும்போது ஒளி விடும். ஆனால் ஏறுகிற அணுக்கள் சொற்பம். துத்தநாகத்தில் நூறு கோடி அணுக்களுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஊரே உறங்கும்போது விழித்திருக்கும் ஒருவனை வைத்து ஊரின் தலைக்கட்டைக் கணக்கெடுப்பது போன்ற வேலை அது. வால்ஷ் உறங்குகிறவர்களை எண்ணினார். அடிமட்டத்தில் இருக்கும் அணு, தனக்குரிய அலைநீளத்தில் வரும் ஒளியை விழுங்கும். எவ்வளவு ஒளி குறைகிறதோ அவ்வளவு அணு இருக்கிறது. துத்தநாகத்தை அளக்கத் துத்தநாகத்தாலேயே செய்த மின்முனை கொண்ட விளக்கு. அது தரும் 213.9 நானோமீட்டர் ஒளியைத் துத்தநாகம் விழுங்கும், கூட இருக்கும் மற்றத் தனிமங்கள் பெரும்பாலும் விழுங்குவதில்லை. ஒவ்வொரு தனிமத்துக்கும் எலக்ட்ரான் அடுக்கு வேறு, ஆகவே படிக்கட்டு வேறு. பாடப்புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்யும் அந்த எலக்ட்ரான் அமைப்பு இங்கே பூட்டுக்கேற்ற சாவியாக வேலை செய்கிறது.

இந்த அணு உட்கவர் முறையைத் தொடக்கத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1954இல் மெல்பர்ன் கண்காட்சியில் கருவியை வைத்தபோதும் வரவேற்பு இல்லை. 1955இல் வால்ஷின் கட்டுரை வெளியானது. வெளிநாட்டு நிறுவனங்கள் தயங்க, மெல்பர்னிலேயே டெக்ட்ரான் என்ற சிறு நிறுவனம் கருவி செய்யத் தொடங்கியது. கை மாறிக் கை மாறி, இன்று டாண்டினாங்கிலிருந்து அதிகத் தூரமில்லாத மல்கிரேவில் அஜிலென்ட் நிறுவனமாக அது தொடர்கிறது. வால்ஷின் கூட்டாளி ஜான் வில்லிஸ் இரத்தத்தில் கால்சியம், மக்னீசியம் அளந்து காட்டினார். 1960களின் நடுவில் அவரும் அமோஸ் என்ற ஆய்வாளரும் நைட்ரஸ் ஆக்சைடு சுடரைக் கொண்டுவந்ததும் அலுமினியம் போன்ற பிடிவாதக்காரத் தனிமங்களும் வழிக்கு வந்தன. தமிழ்நாட்டில் மண் பரிசோதனைக் கூடங்களில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு ஆகிய நுண்சத்துகளை அளப்பது இந்த முறையில்தான். வயலில் துத்தநாகச் சத்துக் குறைவு, துத்தநாக சல்பேட் போடுங்கள் என்று விவசாயிக்கு வரும் சீட்டின் பின்னால் மெல்பர்ன் தோட்டத்தில் பிறந்த யோசனை இருக்கிறது.

சிட்னியில் அண்மைக் காலத்தில் நடந்தவற்றில் ஒன்றையாவது சொல்லவேண்டும். 2012இல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மிச்செல் சிம்மன்ஸின் குழு, ஒரே ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சிலிக்கான் படிகத்தில் தாங்கள் குறித்த இடத்தில் பதித்து டிரான்சிஸ்டர் செய்தது. சிலிக்கான் 14ஆம் பத்தி, வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான். பாஸ்பரஸ் 15ஆம் பத்தி, 5 எலக்ட்ரான். நான்கு பிணைப்பில் போய்விட, மிஞ்சி நிற்கும் ஓர் எலக்ட்ரான்தான் அங்கே வேலைக்காரன். அட்டவணையில் ஒரு கட்டம் வலப்புறம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

118 தனிமங்களில் ஒன்றுகூட ஆஸ்திரேலியாவின் பெயரைத் தாங்கவில்லை. அதனால் இந்த நாட்டுக்கு அட்டவணையில் பங்கில்லை என்று நினைப்பது பிழை. நியூ சவுத் வேல்ஸின் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யின் வேதியியலில் அணு உட்கவர் முறை பாடமாகவே இருக்கிறது. சிட்னியின் வென்ட்வொர்த்வில்லிலும் டூங்காபியிலும் பிள்ளைகளை அதற்குத் தயார்செய்யும் தமிழ்ப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். முதல் 20 தனிமங்களை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன்னால் வால்ஷையும் மோஸ்லியையும் பற்றிச் சொல்லுங்கள். லூக்காஸ் ஹைட்ஸில் பொதுமக்களுக்கான அறிவியல் மையம் இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.