சுகாதாரக் கொள்கையும் செவிலியரின் இடமும்

இந்திய அரசியலமைப்பின்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பெருந்திட்டங்களின் வரையறையும் அவற்றுக்கான பணத்தில் கணிசமான பங்கும் டெல்லியிலிருந்து வருகின்றன. 1983, 2002, 2017 ஆகிய ஆண்டுகளின் தேசிய சுகாதாரக் கொள்கைகள் திசையை மட்டும் காட்டுபவை. பொது சுகாதாரச் செலவு 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்றது 2017-ஆம் ஆண்டுக் கொள்கை. அந்த அளவு எட்டப்படவில்லை.

நோயாளியைத் தொடும் கொள்கை வேறு வழியில் உருவாகிறது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் நிதிக்காக மாநிலம் ஒரு செயல்திட்டத்தை மத்திய அரசுக்கு அனுப்பி ஒப்புதல் பெறுகிறது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்படுகிறது. கோப்பு சுகாதாரத் துறையிலிருந்து நிதித்துறைக்குப் போய்த் திரும்பிய பிறகு அரசாணை வெளியாகிறது. ஒரு நிலையத்தில் எத்தனை செவிலியர், என்ன ஊதியம், நிரந்தரமா ஒப்பந்தமா என்பவை இந்தப் பயணத்தில்தான் முடிவாகின்றன.

இந்த முறையின் பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் நூறாண்டுக்கும் மேலாக இயங்கி வருகிறது. எனவே மேலே எடுத்த முடிவு கடைக்கோடி ஊர் வரை விரைவாகச் சேர்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியரைச் சுழற்சி முறையில் அமர்த்தி, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்த முடிவு இதற்கு நல்ல சான்று. இரவில் மருத்துவர் இல்லாத இடத்திலும் சுகப்பிரசவத்தைச் செவிலியர் கவனித்துக்கொண்டார். சிக்கல் தெரிந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2018–20-இல் ஒரு லட்சம் உயிருடன் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த வெற்றிக்குப் பல காரணங்கள் உண்டு. செவிலியரின் இரவுப்பணி அவற்றில் முக்கியமானது என்று சொல்லலாம்.

குறையும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. பணியிடம் நிதித்துறையின் கண்ணில் செலவுக் கணக்கு. நிரந்தரப் பணியிடம் என்றால் ஓய்வுக்காலம் வரை நீளும் பொறுப்பு, தொகுப்பூதியம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய செலவு. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி எடுத்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணிக்கு வந்தனர். காலமுறை ஊதியத்துக்காகக் காத்திருந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினர். கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. வேலை நிரந்தரமாகத் தேவைப்படும்போது வேலை செய்பவரைத் தற்காலிகமாக வைத்திருப்பது நியாயமும் ஆகாது, நல்ல நிர்வாகமும் ஆகாது. பிரசவ அறையில் பல ஆண்டுகள் பழகிய கை ஓர் ஒப்பந்தத்தோடு வெளியேறினால், அந்த அனுபவத்தை எந்தப் பயிற்சி முகாமும் ஈடு செய்யாது.

கிராம சுகாதார செவிலியரின் நிலை இன்னொரு குறையைக் காட்டுகிறது. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் அவர் பணிபுரியும் துணை சுகாதார நிலையம் ஒன்று என்ற அளவுகோல் பல பத்தாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்டது. அப்போது தாய்சேய் நலம், தடுப்பூசி, குடும்பநலம் ஆகியவையே அவரது முக்கிய வேலைகள். பிறகு தொற்றாநோய்க் கண்டறிதல் வந்தது, மகப்பேறு நிதியுதவிக்கான ஆவணப்பணி வந்தது, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவு செய்யும் பிக்மி இணையதளப் பணி வந்தது. பிக்மி எண் பிறப்புச் சான்றிதழோடும் இணைக்கப்பட்டிருப்பதால் அந்தப் பதிவைத் தள்ளிப்போடவும் இயலாது. ஒவ்வொரு திட்டமும் தனித்தனியே பார்த்தால் நல்லதுதான். எல்லாம் ஒருவர் தலையில் சேரும்போது அவரது நாள் எத்தனை மணி நேரம் என்று எந்தக் கோப்பும் கேட்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களையும் வலிநிவாரணச் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் சேர்த்துக்கொண்டதன் மூலம் இந்தச் சுமையை ஓரளவு உணர்ந்த திட்டம் எனலாம். ஆனால் அதன் அடித்தளமும் ஊக்கத்தொகை பெறும் பெண்களின் உழைப்பே.

முடிவெடுக்கும் மேசையில் செவிலியர் இல்லாதது இவற்றுக்கெல்லாம் பொதுவான காரணம். இதைச் சுட்டிக்காட்டக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. சென்னை மாகாண அமைச்சராக இருந்த ஏ.பி. ஷெட்டி தலைமையிலான குழு 1954-இலேயே செவிலியரின் பணிநிலையை ஆராய்ந்தது. சரோஜினி வரதப்பன் தலைமையிலான உயர்மட்டக் குழு 1989-இல் செவிலியரின் பணிநிலை, கல்வி, நிர்வாகம் குறித்து விரிவான பரிந்துரைகளைத் தந்தது. அறிக்கைகள் நூலகத்தில் நிற்கின்றன. 1947-ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் வந்த தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் கல்வியையும் பதிவையும் சீர்ப்படுத்த முனைகிறது. ஆணையத்தின் தலைமையில் செவிலியர் இருக்க வேண்டும் என்பது வரவேற்கத்தக்கது. உறுப்பினர்களைத் தேர்தலுக்குப் பதில் அரசே நியமிப்பது கவலைக்குரியது. வார்டில் எத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதோ தொகுப்பூதியமோ அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவே இல்லை.

செவிலியர் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. பணி நிரந்தரக் கோரிக்கையில் காட்டும் உறுதியை நோயாளி எண்ணிக்கை, தொற்று, இரவுப்பணி பற்றிய சொந்தத் தரவுகளைத் திரட்டுவதிலும் அவை காட்டினால் நிதித்துறையிடம் பேச வலுவான ஆதாரம் கிடைக்கும். எனினும் பெரும்பொறுப்பு அரசுடையதே. புதிய திட்டத்துக்கு அரசாணை போடும் முன், அது களத்தில் எத்தனை செவிலியரின் எவ்வளவு நேரத்தைக் கேட்கிறது என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கைச் செவிலியர் பிரதிநிதிகள் முன் வைத்து ஒப்புதல் பெறுவதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும்.